ஆக்கியோன் பெயர்

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடையே பயிற்சித் தாள்கள் கைமாறுவது நல்ல வழக்கம். நானும் பலரிடம் பெற்றிருக்கிறேன், பலருக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால், கைமாறும் வழியில் ஆக்கியவர் பெயர் காணாமற் போய்விடுகிறது. நான் எழுதிய கருத்துணர்தல் பகுதி ஒன்று, வேறொருவர் பெயரில் விற்பனைக்கு வந்த பயிற்றியில் இருக்கக் கண்டேன். பிறர் பயன்படுத்தியதில் எனக்கு மகிழ்ச்சியே. பெயர் மாறியதுதான் உறுத்தியது.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கற்பித்தலுக்கு எடுத்துக்காட்டாகப் பிறர் படைப்பைத் தொகுப்பில் சேர்க்க இடந்தருகிறது. அது நேரிய பயன்பாடாக இருக்க வேண்டும். மூலமும் படைத்தவர் பெயரும் குறிக்கப்பட வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள்.

இது நமக்குப் புதிதன்று. சிறப்புப் பாயிரம் கூறவேண்டிய எட்டுச் செய்திகளுள் ஆக்கியோன் பெயரையே நன்னூல் முதலில் வைக்கிறது. பாரதியார் படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் பெற்றது. பின்னர் அவை மக்களுக்கே பொதுவாயின. இன்று அவற்றை யாரும் அச்சிடலாம். ஆயினும், பாரதியின் பெயரை நீக்கிவிட்டுத் தம் பெயரைப் பொறிக்க எவரும் துணியார். உரிமை பொதுவாகலாம், பெயர் பொதுவாகாது.

நண்பனைப் பார்த்தெழுதும் மாணவனைக் கண்டிக்கிறோம். அவன் கையிலேயே பெயர் அழித்த தாளைக் கொடுத்தால் நம் சொல்லுக்கு மதிப்பேது? ஆசிரியர்களே, தாளின் அடியில் ஒரு வரி போதும். பெற்றோர்களே, கதை சொல்லும் போட்டிக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்தும்போது, கதையை எழுதியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். பிறர் உழைப்பை மதிக்கக் கற்ற பிள்ளையே தானும் துணிந்து எழுதும்.