93-க்கு 41

எங்கள் வீட்டில் ‘தலைவர்’ என்றால் அடுத்துப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. கலைஞர் பிறந்த திருக்குவளை எங்கள் கீழ்வேளூர்த் தொகுதிக்குள்தான் இருக்கிறது. 1969 ஜூலையில் திமுகவுக்குத் தலைவரானவர், 2018 ஆகஸ்ட் 7-ல் கண்மூடும்வரை தலைவராகவே இருந்தார். நான் பிறந்தபோதும் அவர்தான், நாகப்பட்டினத்தில் படிக்கப் போனபோதும் அவர்தான். பிழைப்புக்காக இங்கிலாந்து வந்து, என் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோதும் அவர்தான். கட்சித் தலைவர் என்பவர் மாறக்கூடியவர் என்ற எண்ணமே இல்லாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது.

லண்டனுக்கு மேற்கே ரீடிங்கில் குடியேறிய பிறகு நான் கண்டது நேர் எதிரான காட்சி. 2016 ஜூலைக்கும் 2022 அக்டோபருக்கும் இடையில் தெரசா மே, போரிஸ் ஜான்சன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக் என்று நான்கு புதிய பிரதமர்கள். நால்வரும் ஒரே கட்சி. நான்கு மாற்றங்களும் கட்சிக்குள்ளேயே நடந்தவை. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு இங்கே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே, ஒரு தொடக்கப் பள்ளியின் கூடத்தில், நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆகவே இந்த நாட்டு அரசியலை வேடிக்கை பார்ப்பவனாக மட்டும் என்னால் இருக்க முடியவில்லை.

பொங்கல் விழாவில் நம்மவர்கள் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும். “நன்றி கெட்ட ஜனங்க சார். ஜெயிச்சுக் கொடுத்தவரையே கவுத்துடுறானுங்க” என்பார்கள். ஜான்சன் 2019 டிசம்பரில் தன் கட்சிக்குப் பெரிய வெற்றியைக் கொண்டுவந்தார். இரண்டரை ஆண்டில், 2022 ஜூன் 6 அன்று, அவருடைய உறுப்பினர்களே அவர்மேல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஆதரவு 211, எதிர்ப்பு 148. வென்றும் அவர் நிலைக்கவில்லை. ஜூலையில் விலகல் அறிவிப்பு வந்துவிட்டது. இதை நன்றி கெட்டதனம் என்று என்னால் சொல்ல முடியாது. சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ ஒரு கட்சியை நடத்துபவரை மாற்றலாமா என்ற கேள்வியை அங்கே உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள்தான் தீர்க்க வேண்டும். ரகசிய வாக்குச்சீட்டில் தீர்க்க வேண்டும். இதை நான் மனதார நம்புகிறேன்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கன்சர்வேடிவ் கட்சி உறுப்பினர். தேர்தல் சமயத்தில் குளிரிலும் வீடு வீடாகத் துண்டறிக்கை போட்டுவிட்டு வருவார். மார்கரெட் தாட்சர் போன நாளைப் பற்றி அவரிடம் கேட்டேன். அன்று சமையலறையில் நின்று அழுததாகச் சொன்னார். அடுத்த மூச்சில், “ஆனால் போக வேண்டிய நேரம்தான்” என்றார். தாட்சர் பதினைந்து ஆண்டுகள் கட்சித் தலைவர், அதில் பதினொன்றரை ஆண்டுகள் பிரதமர், மூன்று பொதுத்தேர்தல்களில் வென்றவர். 1990 நவம்பரில் மைக்கேல் ஹெசல்டைன் அவரை எதிர்த்து நின்றார். தாட்சருக்கு 204 வாக்குகள், ஹெசல்டைனுக்கு 152. பெரும்பான்மை கிடைத்தும், முதல் சுற்றிலேயே முடிவாக விதி கேட்ட இடைவெளிக்கு நான்கு வாக்குகள் குறைந்தன. நவம்பர் 22-ல் விலகுவதாக அறிவித்தார். 1992 தேர்தல் வரை அதே அவையில் பின்வரிசை உறுப்பினராக இருந்தார். அவருக்கு முன் தலைவராக இருந்த எட்வர்ட் ஹீத், 1975-ல் அவரிடம் தோற்றபின் 2001 வரை உறுப்பினராகவே நீடித்தார். பதவியை இழந்தவருக்கு அவையில் ஒரு இருக்கையும் பேச ஒரு நேரமும் மிச்சம் இருக்கின்றன. என் மனதைத் தொட்டது அதுதான்.

சித்தப்பா ஊரில் திமுக கிளைச் செயலாளர். 2006-ல் ஆட்சிக்கு வந்ததும் கலைஞர் கூட்டுறவு விவசாயக் கடன்களை, ஏறத்தாழ 7,000 கோடி ரூபாயை, தள்ளுபடி செய்தார். சித்தப்பாவின் பயிர்க்கடனும் அதில் தீர்ந்தது. கடன் பாக்கி இல்லை என்று கூட்டுறவுச் சங்கம் கொடுத்த தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, திண்ணைச் சுவரில் அண்ணா படத்துக்குக் கீழே மாட்டினார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது, ஓரம் மட்டும் பழுப்பேறியிருக்கிறது. காவிரியின் கடைமடையில், தண்ணீர் வந்தால் குறுவை வராவிட்டால் இல்லை என்று வாழ்கிற ஒரு குடும்பத்துக்கு அந்தத் தாள் என்னவாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். அந்த விசுவாசத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனாலும் அவரிடம் கேட்டேன். 2011 தேர்தலில் திமுக 23 இடங்களில் மட்டுமே வென்றது. எதிர்க்கட்சித் தகுதிகூடத் தேமுதிகவுக்குப் போய்விட்டது. சட்டமன்றக் கட்சியை நடத்தும் பொறுப்பு ஸ்டாலினுக்கு வந்தது. கட்சித் தலைமை மாறவில்லை. 2016-ல் 92 வயதை எட்டவிருந்த கலைஞரே மீண்டும் முதல்வர் வேட்பாளர். அதிமுக, திமுக அணிகளுக்கு இடையே ஏறக்குறைய ஒரு சதவீத வாக்கு வித்தியாசத்தில் ஆட்சி கைநழுவியது.

“சித்தப்பா, 2011-லயே முழுசா மாத்தியிருந்தா இப்ப நாமதானே ஆட்சியில இருந்திருப்போம்?”

“தம்பி, நீ வெளிநாட்டுல இருந்து பேசுற. அவரை எப்படிப்பா போகச் சொல்றது? யாருக்கு அந்த வாய் இருக்கு?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. யாருக்கும் வாய் இல்லை என்பதுதான் உண்மை. 2017 ஜனவரியில், உடல்நலம் மிகவும் மோசமான பிறகு, ஸ்டாலினைச் செயல் தலைவர் ஆக்கினார்கள். அப்போது அவருக்கு 63 வயது. ஆறு ஆண்டுகள் தாமதமான முடிவு என்றே இன்றும் எண்ணுகிறேன். திருக்குவளைக்காரர்மேல் எனக்கு உள்ள மரியாதை இதனால் குறையவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வழக்கம், நமக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கு நம் சென்னை மாகாணத்து வரலாறே பதில் வைத்திருக்கிறது. 1947 மார்ச்சில், ஆட்சியை நடத்திவந்த பிரகாசத்தின்மேல் நம்பிக்கை இழந்த காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரைத் தலைவராக்கியது. இரண்டு ஆண்டில் அவரும் ஆதரவை இழந்தார். 1949 ஏப்ரலில் குமாரசாமி ராஜா வந்தார். நேர்மைக்குப் பேர்போன ஓமந்தூரார் வடலூருக்குப் போய் வள்ளலார் வழியில் தொண்டு செய்தார். 1954-ல் குலக்கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்பு வலுத்து ராஜாஜி விலகியபோது, சட்டமன்றக் கட்சி கூடியது. காமராஜருக்கு எதிராக சி. சுப்பிரமணியத்தை நிறுத்தினார்கள். வாக்கு எண்ணினார்கள். காமராஜருக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் அதிகம் சொல்லிக்கொள்ள வேண்டும். காமராஜர் தன்னை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவர் பக்கம் இருந்த பக்தவத்சலத்தையும் அமைச்சர்களாக்கினார். அந்தச் சுப்பிரமணியம்தான் பத்தாண்டுகள் கழித்து மத்திய உணவு, வேளாண் அமைச்சராகி, அதிக விளைச்சல் தரும் விதைகளை நாட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்து வயல்களில் ஐ.ஆர். 8 நட்ட காலத்தை அப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், அந்தச் சோறு மொத்தமாக இருக்கும் என்று குறையும் சொல்லியிருக்கிறார். தோற்றவரைத் துரோகி என்று வெளியே தள்ளியிருந்தால் நாடு எவ்வளவு இழந்திருக்கும்! 1963-ல் காமராஜர் தாமாகவே முதல்வர் பதவியை விட்டபோது, அந்த இடத்துக்கு வந்தவரும் பக்தவத்சலமே.

அந்த வழக்கம் நம்மிடமிருந்து எப்படிப் போனது? கட்சிச் சின்னத்தில் நிற்க வேண்டுமானால் கட்சித் தலைமை கையெழுத்திட்ட பி படிவம் வேண்டும். சீட்டுக் கொடுப்பவரையே எதிர்த்து எந்த உறுப்பினர் வாக்களிப்பார்? அதன்மேல் 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. பணத்துக்குக் கட்சி மாறுவதைத் தடுக்க வந்த சட்டம், கட்சிக்குள் கேள்வி கேட்பவர்மீதும் பாய்ந்தது. 2017 ஆகஸ்ட் 22-ல் அதிமுகவின் 19 உறுப்பினர்கள் ஆளுநரைச் சந்தித்து, முதல்வர் எடப்பாடி பழனிசாமிமேல் தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18-ல் சபாநாயகர் அவர்களில் 18 பேரைத் தகுதிநீக்கம் செய்தார். 2018 அக்டோபரில் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த 18 பேரின் நோக்கம் தூய்மையானது என்று நான் வாதாட வரவில்லை. பழனிசாமியை எதிர்த்த தினகரன் அணியின் கணக்கு அதில் இருந்தது என்பது ஊரறிந்தது. ஆனால் தலைவரை மாற்றக் கேட்டதற்குப் பதினெட்டுத் தொகுதி மக்கள் உறுப்பினர் இல்லாமல் கிடக்க வேண்டுமா? இங்கே 2019 செப்டம்பரில் ஜான்சனை எதிர்த்து வாக்களித்த 21 பேரைக் கட்சிக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அவர்கள் உறுப்பினர் பதவி போகவில்லை. இந்த ஒரு வேறுபாட்டில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

மாற்றத்துக்கும் விலை உண்டு. அதை நான் வீட்டுக் கடன் தவணையில் கொடுத்தேன். 2022 செப்டம்பர் 23-ல் டிரஸ் அரசு வெளியிட்ட வரிக்குறைப்பு அறிவிப்பால் பவுண்டு சரிந்தது, வட்டி ஏறியது. எங்கள் தெருவில் வீட்டை விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆனால் டிரஸ் எப்படி வந்தார் என்று பாருங்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களின் கடைசி வாக்குச் சுற்றில் சுனக் 137 வாக்குகள் பெற்று முதலிடத்தில் இருந்தார். டிரஸுக்கு 113. நாடெங்கும் உள்ள கட்சிக்காரர்களின் வாக்குகள்தான் அவரைத் தேர்ந்தெடுத்தன. கூடவே உட்கார்ந்து வேலை செய்யப்போகிறவர்களின் சொல்லை மீறி வந்த தலைமை 49 நாள்களில் முடிந்தது. என் வாதத்தை இது பலப்படுத்துகிறதே தவிரக் குலைக்கவில்லை.

மாற்றவே மறுத்த கட்சியின் கதையும் இங்கே இருக்கும் இலங்கை நண்பர்கள் வழியாக எனக்குத் தெரியும். ரணில் விக்கிரமசிங்க 1994 முதல் ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவர். வேறு தலைமை கேட்டவர்கள் கடைசியில் சஜித் பிரேமதாசவோடு வெளியேறினார்கள். 2020 ஆகஸ்ட் தேர்தலில் அவர்கள் 54 இடங்கள் பெற்றார்கள். நாட்டின் மிகப் பழைய பெருங்கட்சிகளில் ஒன்றான ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஒரு மாவட்டத்திலும் இடம் கிடைக்கவில்லை, தேசியப் பட்டியல் வழியாக ஒன்றே ஒன்று.

எங்கள் தொகுதியில் 2021-ல் வென்ற மார்க்சிஸ்ட் கட்சி, பொறுப்புகளுக்கு வயது வரம்பும் பதவிக்கால வரம்பும் வைத்திருக்கிறது. அதன்படி 2025 ஜனவரியில் அதன் மாநிலச் செயலாளரும் மாறினார். கே. பாலகிருஷ்ணன் விலக, பெ. சண்முகம் வந்தார். அமைப்புக்குள் இருக்கும் அந்தக் கட்டுப்பாடு பாராட்டுக்குரியது. சட்டமன்றக் குழுக்களுக்கும் அது வர வேண்டும். கட்சித் தாவல் சட்டத்தை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற சிலவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே சொல்லிவிட்டது. அதைச் செய்ய எந்த ஆட்சியும் முன்வரவில்லை.

ஊரில் இருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்தல் முடிந்து நான்கு நாளில் ‘சட்டமன்றக் கட்சித் தலைவர் ஏகமனதாகத் தேர்வு’ என்று செய்தி வரும். உங்கள் சட்டமன்ற உறுப்பினர் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ வரும்போது, மரியாதையாகவே கேளுங்கள்: அந்தக் கூட்டத்தில் உங்கள் கையில் வாக்குச்சீட்டு கொடுத்தார்களா, ஐயா? எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் கேளுங்கள்.