ரோம் வீதியில் ஒரு பழங்குழல்

பாரிஸ் மாநகரில் சேன் லசார் இரயில் நிலையத்தை அடுத்துள்ள ரோம் வீதி, இசைக்கருவிக் கடைகளுக்குப் பேர்போனது. அருகே மத்ரித் வீதியில் 1911 முதல் 1990 வரை தேசிய இசைக் கல்லூரி இயங்கியமையால் தழைத்த வாணிகம் அது.

அங்கொரு கண்ணாடிப் பேழையில் லூயி லோ பட்டறையின் பழைய வெள்ளிப் புல்லாங்குழலைக் கண்டு நின்றோம். 1855இல் தம் பெயரால் தொழில் தொடங்கிய லோவின் குழல்களுக்கு இன்றும் தனி மதிப்புண்டு. அவர் 1869இல் செய்த பொற்குழலை, உருக்கிவிட இருந்த வணிகரிடமிருந்து 1948இல் வாங்கிக் காத்தவர் ழான் பியேர் ராம்பால்.

எம்முடன் வந்த இளைஞர், பங்கின் பாடகர் குழுவில் குழல் வாசிப்பவர். அவருக்கு அதை விட்டகல மனமில்லை. சாவிகளின் கீழிருந்த மெத்தைகள் நைந்திருந்தன. அது பெருங்குறையன்று, மாற்றிவிடலாம். சுருதியே சிக்கல். பிரான்சு 1859இல் 'லா' சுரத்தை விநாடிக்கு 435 அதிர்வுகளென வரையறுத்தது. இக்காலத்தார் 440 அல்லது சற்று மேலே சேர்க்கின்றனர். தலைப்பகுதியை வெளியே இழுத்தால் சுருதி இறங்கும். முற்றும் செருகியபின் ஏற்ற வழியில்லை. குழாயை வெட்டிக் குறுக்குவோரும் உளர். துளைகளோ இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு சுரம் சேர்ந்தால் மற்றொன்று பிசகும். அவ்வாறு வெட்டுண்ட குழலுக்கும் முழுவிலை கேட்பது எமக்கு ஒவ்வாத செயல்.

இக்குழல் வெட்டுப்படாதது. தனித்து ஒலிக்கையில் தேன். கடைக்காரர் தட்டிய இசைக்கவையின் 'லா'வையோ எட்டவில்லை. தனியறையில் வாசிப்பவருக்கு அது பெறற்கரிய பொருளே. பங்கின் ஆர்கனோ ஒரு குழலுக்காக இறங்கி வராது.

இளைஞர் மீண்டும் இருமுறை ஊதினார். பின்னர்ப் பெட்டியை மூடிக் கையளித்தார்.