ஓடாமல் போன நவம்பர்

போட்டியைத் தள்ளிவைப்பது என்றால் தேதியை மாற்றுவதுதானே என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். பதினேழு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் தெரியும், அது தேதியோடு நிற்கும் விஷயம் இல்லை.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டியில். என் மகள் பள்ளி அணியில் நீண்டதூர ஓட்டக்காரி. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை கிராஸ் கன்ட்ரி, வசந்தகாலத்தில் டிராக். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோது அவள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளிப் போட்டிகளை நடத்தும் சி.ஐ.எஃப். அமைப்பு, அந்த வசந்தகாலப் போட்டிகள் மொத்தத்தையும் ஏப்ரல் 3ஆம் தேதி ரத்து செய்தது. கல்லூரிக் கோச்சுகள் ஒரு பிள்ளையை எடைபோடுவது பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பில் ஓடிய நேரத்தை வைத்துத்தான். என் மகளுக்குக் காட்ட அந்த ஆண்டின் நேரம் என்று ஒன்று இல்லாமலே போனது.

ஜூலை 20ஆம் தேதி புது அட்டவணை வந்தது. வழக்கமான மூன்று சீசன்களை இரண்டாகச் சுருக்கி, இலையுதிர்காலப் போட்டிகளைக் குளிர்காலத்துக்குத் தள்ளியிருந்தார்கள். மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு உள்ளூர நிம்மதி. அம்மா கும்பகோணத்திலிருந்து எங்களோடு இருக்க வந்தவர், இந்தியா மார்ச்சில் பன்னாட்டு விமானங்களை நிறுத்தியதால் இங்கேயே தங்கிவிட்டார். சர்க்கரை நோய், எழுபதைத் தாண்டிய வயது. மகள் போட்டிக்குப் போய்வருகிற ஒவ்வொரு நாளும் அம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியிருக்குமே என்ற பயம் எனக்கு. ஒரே வீட்டில் ஒருத்திக்கு நல்லது இன்னொருத்திக்கு ஆபத்து என்கிற நிலை வந்தால், தகப்பன் எந்தப் பக்கம் நிற்பது? இரண்டு பக்கமும் நின்றேன். அதை மகள் பள்ளி முடித்த பிறகுதான் அவளிடம் சொன்னேன்.

அந்த இலையுதிர்காலத்தில் போட்டிகளை வழக்கப்படி நடத்தியிருந்தாலும் பாதி நடந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் மின்னல்களால் மலைக்காடுகள் பற்றி எரிந்தன. செப்டம்பர் 9ஆம் தேதி பட்டப்பகலில் வானம் ஆரஞ்சு நிறமாகி, வீட்டில் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நவம்பர் இறுதியில் தொற்று ஏறியபோது கவுண்டி நிர்வாகம் உடல் உரசும் விளையாட்டுகளுக்கு முழுத் தடை போட்டது. கோடிகள் புரளும் ஃபோர்ட்டி நைனர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியே சொந்த மைதானத்தை விட்டு அரிசோனாவுக்குப் போய் ஆடியது. ஃப்ரெஸ்னோவின் உட்வர்ட் பார்க்கில் நவம்பர் கடைசியில் நடக்கும் மாநில கிராஸ் கன்ட்ரி போட்டிக்காகத்தான் இந்தப் பிள்ளைகள் கோடை முழுக்க விடியற்காலையில் எழுந்து ஓடுவார்கள். அந்த ஆண்டு அது நடக்கவில்லை.

பிப்ரவரியில் ஒருவழியாக அனுமதி கிடைத்தது. பக்கத்துப் பள்ளியோடு மட்டும் போட்டி. வழக்கமாகத் தொடக்கக் கோட்டில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தோளோடு தோள் இடித்து நிற்பார்கள். அன்றைக்குப் புல்லில் ஆறடிக்கு ஒன்றாக வெள்ளைப் பெயின்ட்டில் குறிபோட்டு, ஒவ்வொரு குறியிலும் ஒரு பிள்ளையை நிறுத்தியிருந்தார்கள். முகத்தில் மாஸ்க். விசில் ஊதி, கூட்டம் பிரிந்து கொஞ்சதூரம் போனதும் அதைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டு ஓடினார்கள். முடிவுக்கோட்டைத் தாண்டியதும் மூச்சு வாங்கும்போதே மறுபடி ஏற்றிவிட வேண்டும். மகள் ஓடி முடித்து, இருமி, மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். வீட்டுக்கு வந்ததும் ஷூவையும் உடுப்பையும் காராஜிலேயே விட்டுவிட்டு, பின்வாசல் வழியாகப் போய்க் குளித்த பிறகுதான் பாட்டி பக்கம் போவாள். அம்மாவுக்கு இரண்டாவது தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் கழிந்த அன்று, எதுவும் கேட்காமல் நேரே போய்ப் பாட்டியின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

கிராஸ் கன்ட்ரி முடிந்த சூட்டோடு டிராக் தொடங்கியது. எனக்கு ஆறாத குறை இதில்தான். நீண்டதூர ஓட்டக்காரர்களுக்கு இரண்டு சீசனுக்கும் நடுவே வரும் குளிர்காலம் உடலைத் தேற்றி, நிதானமாகத் தூரத்தைக் கூட்டும் காலம். சீசன்களை நெருக்கியபோது அந்த இடைவெளியைத்தான் முதலில் எடுத்தார்கள். ஏப்ரலில் அவளுக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு வலி. கோச் நல்ல மனிதர், ஓட்டத்தைக் குறைத்துப் பார்த்தார். ஆனால் காலத்தை யார் திருப்பித் தருவது?

வேறு மாநிலங்கள் வேறு வழி பார்த்தன. வர்ஜீனியாவில் குளிர்காலப் போட்டிகளை டிசம்பரில் தொடங்கி, பிறகு இலையுதிர்காலப் போட்டி, பிறகு வசந்தகாலப் போட்டி என்று மூன்று சீசன்களையும் சுருக்கி நடத்தினார்கள். இரண்டு மூன்று விளையாட்டு ஆடும் பிள்ளைகளை எண்ணிப் போட்ட கணக்கு அது. மிஷிகன் கால்பந்தை வசந்தத்துக்குத் தள்ளுவதாக ஆகஸ்டில் அறிவித்து, செப்டம்பர் முதல் வாரத்திலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஒரு தேதியை நம்பி மனத்தைத் தயார்செய்த பிள்ளைகளை அப்படி ஆட்டிவைக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

காசுள்ள வீடுகள் வழி கண்டுபிடித்தன. தெரிந்த ஒரு வீட்டில் பையனைக் கிளப் அணியோடு அரிசோனாவுக்கு அனுப்பி ஆடவைத்தார்கள். என் மகளோடு ஓடிய இன்னொரு பெண், பள்ளி ஜூமில் நடந்த மாதங்களில் அப்பாவின் டாக்கோ வண்டியில் வேலைக்கு நின்றாள். பிப்ரவரியில் சீசன் திறந்தபோது, வீட்டுக்கு அவள் சம்பாத்தியம் தேவைப்பட்டது. அவள் திரும்ப வரவில்லை. அணியில் அவளைவிட வேகமாக ஓடியவர்கள் அதிகம் இல்லை.

கல்லூரிப் பக்கமும் கதவு பாதிதான் திறந்தது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ., முதல் பிரிவுக் கோச்சுகள் பள்ளி மாணவர்களை நேரில் சந்திக்கக் கூடாது என்று விதித்த தடை 2021 மே முடியும்வரை நீடித்தது. ஏற்கெனவே கல்லூரியில் இருந்த வீரர்களுக்குக் கூடுதலாக ஓர் ஆண்டு ஆடும் உரிமை கொடுத்தார்கள். அது அவர்களுக்கு நியாயம். அணியில் இருந்த இடங்கள் அப்படியே நிரம்பியிருக்க, 2021இல் பள்ளி முடித்தவர்களுக்கு மிஞ்சியது குறைவு. மகள் கல்லூரி கிளப் அணியில், பதக்கத்துக்காக இல்லாமல், ஓடினாள்.

மாநிலப் பட்டம் இல்லாத, பார்வையாளர் இல்லாத, பக்கத்துப் பள்ளியோடு ஓடிய அந்தச் சின்னப் போட்டிகளைத்தான் அவள் இன்றும் ஆசையாகப் பேசுகிறாள். திறந்தவெளியில் தள்ளி நின்று ஓடும் போட்டிக்குப் பெரிய கூட்டம் தேவையில்லை. புகை அடங்கிய அக்டோபரிலேயே அப்படிச் சிறிய அளவில் நடத்தியிருக்கலாம். முழு சீசனும் மாநிலப் போட்டியும் கிடைக்கட்டும் என்று காத்திருந்ததில் அந்த மாதங்கள் போயின.

இங்கே உள்ள தமிழ்ப் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். பள்ளி வாரியக் கூட்டங்களில் நாம் பேசுவது கணிதப் பிரிவுகளைப் பற்றியும் ஏ.பி. வகுப்புகளைப் பற்றியும்தான். விளையாட்டு அட்டவணை பேச்சுக்கு வரும்போது நம் கை தூங்கிவிடுகிறது. அடுத்த முறை பள்ளியை மூட நேர்ந்தால், அது நோயானாலும் காட்டுத்தீயானாலும், முதல் கூட்டத்திலேயே கை தூக்குங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் சீசனை முதலில் எழுதச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் பிள்ளை திரும்பி வர எது தடை என்று கேட்கச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை விளையாடாவிட்டாலும் பேசுங்கள்.