பிள்ளைக்கு டிடி பேட் வாங்கப் போறீங்களா? முதல்ல வளையுற மரம், வேகம் அப்புறம்

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. வீட்டில் டேபிள் டென்னிஸ் கத்துக்கிற பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

"டாக்டர், பையனுக்கு அட்டாக்கிங் ஆட்டம் நல்லா வருது. பெரிய பிளேயர்ஸ் வச்சிருக்கிற கார்பன் பேட் வாங்கிக் கொடுத்துடலாமா?"

சாயங்காலம் நானும் கிளப்பில் ஆடுற ஆள் என்பதால் கிளினிக்கிலேயே இதைக் கேட்கிறார்கள். என் பதில்: இப்போ வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

பேட் என்பது ரெண்டு பக்கமும் ரப்பர் ஒட்டிய ஒரு மரப்பலகை. அந்தப் பலகைக்குப் பேர் பிளேடு. சர்வதேச விதிப்படி அதன் தடிமனில் குறைந்தது 85% இயற்கை மரமாக இருக்கணும். மர அடுக்குகளுக்கு நடுவே கார்பன் மாதிரி இழை வைக்கலாம், ஆனால் ஒரு இழை அடுக்கு 0.35 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அவ்வளவு மெல்லிசான தகடுதான் பேட்டின் குணத்தையே மாத்துது.

5 மர அடுக்கு மட்டும் உள்ள பிளேடில் பந்து பட்டதும், கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து அதிரும். பந்தின் சக்தியில் கொஞ்சம் அந்த அதிர்வில் போயிடும். கார்பன் வச்ச பிளேடு பொதுவாக விறைப்பு அதிகம். பந்து சட்டுனு கிளம்பிடும்.

"அப்போ வேகம் குறையுமே, அடிச்சு ஆடுற பிள்ளைக்கு நஷ்டம்தானே?"

இங்கதான் விஷயம். மேசையின் மொத்த நீளம் 2.74 மீட்டர். டாப்ஸ்பின் அடி காலில் ஆரம்பிச்சு, இடுப்பு, தோள், முன்கை வழியா வந்து பந்தை மேல் நோக்கித் தேய்க்கணும். வேகமான பேட்டில் பிள்ளை முழுசா வீசினால் பந்து மேசையைத் தாண்டிப் பறக்கும். நாலு தடவை அப்படிப் போனால், பிள்ளையின் மூளை சுலபமான வழியைப் பிடிச்சுக்கும்: வீச்சைப் பாதியில் நிறுத்து. கோச் "முழுசா வீசு"ன்னு கத்துவார். கை பிரேக் போடும். இது பழக்கமாகிட்டா மாத்துறது ரொம்பக் கஷ்டம்.

வளையுற பேட்டில் அதே பிள்ளை பயமில்லாமல் முழுசா வீசலாம். பந்து வலைக்கு மேலே வளைந்து மேசையிலேயே இறங்கும்.

இனி டாக்டரா ஒரு விஷயம். பந்து பேட்டைத் தொட்டிருக்கும் நேரம் சுமார் 1 மில்லி செகண்ட். மூளை எதையாவது உணர்ந்து கையைத் திருத்த 100 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். அதாவது, தொட்ட அந்த நொடியில் யாராலும் எதையும் திருத்த முடியாது. அடிச்ச பிறகு கிடைக்கிற தகவலை வச்சு அடுத்த அடியைத்தான் திருத்த முடியும். பந்து எங்கே விழுந்தது என்பது ஒரு தகவல். கையில் வந்த அதிர்வு இன்னொன்று. உள்ளங்கையில் அதிர்வை உணரவே தனி நரம்பு முனைகள் இருக்கு. பந்து நடுவில் பட்டதா ஓரத்தில் பட்டதா, தேய்ச்சோமா தட்டினோமா என்பதை வளையுற மரம் கைக்குத் தெளிவாச் சொல்லும். ஆடுறவங்க "ஃபீலிங்"னு சொல்றது இதைத்தான்.

போன வருஷம் 11 வயசுப் பொண்ணு ஒருத்தி முழங்கை வெளிப்பக்க வலியோடு வந்தாள். ஆட்டத்தையே நிறுத்திடலாம்னு அம்மா முடிவு பண்ணியிருந்தாங்க. பேட்டைக் கொண்டு வரச் சொன்னேன். கார்பன் பிளேடு, தடிமனான ரப்பர், மொத்தம் 190 கிராம். வெறுங்கையில் வீசச் சொன்னால் கை நெற்றி வரை போனது. பேட்டைக் கொடுத்தால் பாதியில் நின்றது, பிடியும் இறுகியது. பேட் மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், பயிற்சி நேரமும் திடீர்னு கூடியிருந்தது. ஓய்வு, முன்கைப் பயிற்சி, படிப்படியா ஆட்டம், கூடவே கோச்சிடம் பேசி லேசான மர பேட். வலி போச்சு. ரெண்டு மாசத்தில் வீச்சும் முழுசாச்சு. இப்பவும் ஆடுறா.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

● 5 அடுக்கு, முழுக்க மரம். வகை "ஆல்ரவுண்ட்" அல்லது அதுக்கு ஒரு படி மேல். ஸ்டிகா ஆல்ரவுண்ட் கிளாசிக் இதுக்குப் பழைய, நல்ல உதாரணம்.

● வெளி அடுக்கு லிம்பா மரமா இருந்தால் மிருதுவா இருக்கும். கோட்டோ மரம் கடினம்.

● பிளேடு 80 முதல் 85 கிராம். ரப்பர் ஒட்டின பிறகு 170 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கங்க. ஸ்பான்ஜ் 1.8 மில்லிமீட்டர் போதும்.

● ரப்பர் ஒட்டாத பிளேடில் பந்தைத் தட்டிப் பாருங்க. "டொக்"னு தாழ்ந்த சத்தம் வந்தால் வளையுற ரகம். "டிங்"னு உயர்ந்த சத்தம் வந்தால் விறைப்பு.

● கைப்பிடி பிள்ளையின் கைக்கு அடங்கணும், உங்க கைக்கு இல்லை.

குறையும் சொல்லிடறேன். மேசையை விட்டுத் தள்ளி நின்னு அடிக்கும்போது இந்த பேட்டில் வலு பத்தாது. ஓடி வந்து அடிக்கிற டாப்ஸ்பின் 10-க்கு 8 மேசையில் விழ ஆரம்பிச்சதும் வேகமான பேட்டைப் பற்றி யோசிக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் கோச், கடைக்காரர் இல்லை.

நம்ம சென்னை சரத் கமல் 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் ஒற்றையர் தங்கம் வாங்கினப்போ அவருக்கு வயசு 40. அவ்வளவு நீளமான ஆட்டம் இது. உங்க பிள்ளை ரெண்டு வருஷம் மர பேட்டில் ஆடுறதால எதுவும் தாமதமாகிடாது.

முழங்கை, மணிக்கட்டு, தோள் வலி ரெண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் தைலம் தேய்ச்சே ஓட்டாதீங்க, டாக்டரிடம் காட்டுங்க. போகும்போது பேட்டையும் எடுத்துட்டுப் போங்க.