மருந்து ஏறும் நேரம்

மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது பாபநாசத்துல. "வாயுப்பிடிப்புதான், ஒரு சோடா வாங்கியாரச் சொல்லு"ன்னுருக்கார். அத்தை சோடாவுக்கு ஆள் அனுப்பாம 108-க்குப் போன் போட்டுட்டாங்க. வழியில ஆரம்ப சுகாதார நிலையத்துல ஈசிஜி எடுத்து, கைநிறைய மாத்திரை குடுத்து திருநெல்வேலிக்கு அனுப்பியிருக்காங்க. 2023-ல தமிழக அரசு கொண்டுவந்த 'இதயம் காப்போம்' திட்டம் அது. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டார்வாஸ்டேட்டின் 8, ஆக 14. ("பல்லாங்குழி ஆடவா குடுத்தீய?"ன்னு கேட்டாராம் மனுஷன்!)

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினப்போ ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏறிட்டு இருந்துச்சு. 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேரத்துக்குள்ள. ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து. இது ஏறினா ஆள் தேறிடுவார்னுதானே நினைப்போம்? எனக்கென்னவோ பயமான நேரமே அப்போதான் ஆரம்பிச்சுது.

கால் மணி நேரத்துல பிரஷர் 80-க்கு இறங்கிருச்சு. வேர்த்துக் கொட்டுது. "மருந்து ஒத்துக்கலை, நிறுத்துங்க"ன்னு அத்தை அழ ஆரம்பிச்சாச்சு. டாக்டர் பதறலை. மருந்து இறங்குற வேகத்தைக் குறைச்சார், காலை உயர்த்தி வச்சார், சலைன் ஓட்டினார். பிரஷர் ஏறினதும் மறுபடி மருந்து. இந்த மருந்துல இது அடிக்கடி வர்றதுதானாம். அதுக்குப் பயந்து அடியோட நிறுத்திட்டா அடைப்பு அப்படியே நின்னுடும்.

அடுத்து மானிட்டர்ல கோணல்மாணலா அகல அகலமா அலை. எனக்கு உயிரே போயிருச்சு. டாக்டர் பார்த்துட்டு சும்மா நிக்கார்! "வேகம் நூறைத் தாண்டலை, பிரஷரும் இருக்கு. அடைப்பு திறக்குறப்போ வர்றதுதான், தானா அடங்கிரும்"னார். பொட்டி தட்டுறவன் பாஷையில சொன்னா, சர்வர் எழுந்திருக்கிறப்போ வர்ற வார்னிங் மெசேஜ். எல்லாத்துக்கும் கை வைக்கக்கூடாது.

அதே திரையில வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் வந்திருந்தா கதையே வேற. இதயம் துடிக்காம வெறுமனே நடுங்கும். உடனே நெஞ்சை அழுத்தி ஷாக் குடுக்கணும். அதுவும் செய்யாம விட்டா நிமிஷத்துக்கு 7-லருந்து 10 சதவீதம் பிழைக்கிற வாய்ப்பு போகும். அந்த மெஷின் கட்டில் பக்கத்துலேயே தயாரா நின்னுச்சு.

இன்னொண்ணு மக்களே. பார்க்க வந்தவர் ஒருத்தர், "நாக்குக்கு அடியில சார்பிட்ரேட் வைக்கலியா?"ன்னு கேட்டார். மாமாவுக்கு அட்டாக் இதயத்தோட கீழ்ச்சுவர்ல. அதுல வலது கீழறையும் அடிபட்டிருந்தா, அந்த மாத்திரை இருக்கிற பிரஷரையும் கவுத்துரும். ஈசிஜி பார்க்காம நாமளா வைக்கிற சமாச்சாரம் இல்லை அது.

ராத்திரி பூரா நர்ஸம்மா வந்து, "தலை வலிக்கா? பேரைச் சொல்லுங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மருந்தால மூளையில ரத்தம் கசியுதான்னு பார்க்கத்தான். அபூர்வம், ஆனா வந்தா ஆபத்து. நாலாவது தடவை மாமா, "எழுதி வச்சுக்கிடுங்கம்மா, காலையிலயும் இதே பேர்தான்"னார்.

மறுநாள் ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட்.