பெரிய பழம் தேடிய ஊர்

பேரங்காடியில் புளூபெர்ரி வாங்கப் போனால் அம்மா சொல்வது ஒன்றுதான்: “பழம் பெருசா இருக்கிற டப்பாவாப் பார்த்து எடுடா.” நானும் அப்படித்தான் எடுத்து வந்தேன், ஒயிட்ஸ்பாக் கிராமத்தைப் பார்க்கும் வரை.

பிலடெல்ஃபியாவில் வசிக்கும் தம்பியைப் பார்க்க ஜூலை மாதம் போயிருந்தேன். அவன் வீட்டிலிருந்து காரில் கிழக்கே ஒரு மணி நேரம் போனால் நியூ ஜெர்சியின் ‘பைன் பேரன்ஸ்’ காடு. இருபுறமும் பைன் மரங்கள், காலடியில் வெளிர்மணல், தேநீர் நிறத்தில் ஓடை. நடுவே சில பழைய மர வீடுகள். பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கடைகளில் நாம் வாங்கும் புளூபெர்ரி காட்டைவிட்டுத் தோட்டத்திற்கு வந்தது இங்கேதான்.

அதுவரை புளூபெர்ரியைப் பயிரிட முடியாது என்றே பலரும் நம்பினார்கள். அதற்கு அமிலத்தன்மை மிகுந்த மண் வேண்டும் என்று 1910ல் எழுதினார் அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில் (பெயரே அப்படித்தான்). அதைப் படித்தார் இவ்வூரில் கிரான்பெர்ரித் தோட்டம் வைத்திருந்த குடும்பத்துப் பெண் எலிசபெத் ஒயிட். “எங்கள் நிலத்தில் முயன்று பாருங்கள்” என அவரை அழைத்தார்.

காட்டில் பழம் பறிப்பவர்களிடம் துளையிட்ட ஓர் அளவியைக் கொடுத்தார் எலிசபெத். துளையின் அகலம் 5/8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். அதில் நுழையாத அளவுக்குப் பெரிய பழம் காய்க்கும் செடியைக் காட்டினால் பணம் உண்டு. செடிக்கு அவர் பெயரும் சூட்டப்படும். அளவு மட்டும் போதாது, சுவையும் வேண்டும், செடி குளிரையும் தாங்க வேண்டும் என்பதில் அவர் கவனமாக இருந்தார். 1916ல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது.

ரூப் லீக் என்பவர் காட்டிய செடிக்கு ‘ரூபெல்’ என்று பெயர். அது இன்றும் பயிராகிறது. வேடிக்கை என்னவென்றால், அன்று பெரியது என்று தேர்ந்தெடுத்த ரூபெல், இன்று சிறிய பழ வகைகளில் ஒன்று! கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதையே நாம் எடுக்க எடுக்க, பழமும் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது.

திரும்பும் வழியில் ஒரு தோட்டக் கடையில் ரூபெல் கிடைத்தது. கடித்தால் முதலில் லேசான புளிப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் ஒரு மணம். பெரிய பழத்தில் நான் அறியாத மணம்.

கடைக்காரப் பெண்மணி சில பாடங்களும் சொன்னார். பழத்தின் மேலுள்ள வெண்பூச்சு மருந்தல்ல, இயற்கையான மெழுகு; அதிகம் கைபடாத பழம் என்பதற்கு அடையாளம். சாப்பிடும்போது கழுவினால் போதும். காம்புப் பக்கம் சிவந்திருந்தால் சரியாகப் பழுக்காதது. பறித்த பிறகு நிறம் மாறலாம், இனிப்புக் கூடாது. டப்பாவைச் சாய்த்தால் பழங்கள் உருள வேண்டும். அடியில் ஈரம் இருந்தால் வாங்க வேண்டாம்.

சிங்கப்பூர் திரும்பியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா இன்னும் பெரிய பழத்தைத்தான் எடுக்கிறார். ஆனால் கூடையில் போடுமுன், டப்பாவைத் தூக்கி அடியைப் பார்க்கிறார்.