பூட்டி வைத்த நெய்

எங்கள் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்திலேயே நெய்ச்சாடியை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். சர்க்கரை, தேங்காய், நல்லெண்ணெய், பின்னர் சோறும்கூட ஒவ்வொன்றாக அவள் தட்டை விட்டு அகன்றன. சர்க்கரையையும் கொழுப்பையும் தின்றே புற்று வளர்கிறது என்று எங்கோ படித்தோம், படித்ததை நம்பினோம். அச்சம் மிகுந்த வேளையில் ஆராய்ந்து பார்க்க எவருக்குத் தோன்றுகிறது!

நாங்கள் படித்தது முழுப் பொய்யுமன்று. ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க் 1920களில் பெர்லினில் புற்றுத் திசுவை மெல்லிய சீவல்களாக்கி அதன் மூச்சை அளந்து பார்த்தவர். நலமான உயிரணு பிராணவாயுவைக் கொண்டு சர்க்கரையை முற்றிலும் எரித்து ஏறத்தாழ 30 பங்கு ஆற்றலைப் பெறுகிறது. புற்றணுவோ, பிராணவாயு தாராளமாக இருக்கும்போதும், இட்லி மாவு புளிப்பதைப் போலச் சர்க்கரையைப் புளிக்க வைத்து, அதில் கிடைக்கும் 2 பங்கோடு பெரும்பகுதியை வீணாக்குகிறது. ஆதலால் அதற்குச் சர்க்கரை மிகுதியாக வேண்டும். உயிரணுவின் மூச்சு பழுதடைவதே நோயின் மூலம் என்பது வார்பர்க்கின் முடிவு. பின்வந்தோர் கண்டது வேறு. பெரும்பாலான புற்றணுக்களில் மூச்சும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கொழுப்பையும் அவை எரிக்கின்றன. போதாக்குறைக்குத் தமக்கு வேண்டிய கொழுப்பைத் தாமே ஆக்கியும் கொள்கின்றன. ஒரு கதவை அடைத்தால் அந்த ஊதாரிக்கு மறுகதவு திறந்திருக்கிறது.

உண்ணும் கொழுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற ஏறத்தாழ 49,000 பெண்களைக் கொண்டு 1993இல் தொடங்கிய பெரும் ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. கொழுப்பைக் குறைத்து உண்டவர்களிடம் மார்பகப் புற்று தோன்றுவது உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. உடலில் சேர்ந்த கொழுப்பின் கதை வேறு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் உருவாவது பெரிதும் கொழுப்புத் திசுவில்தான். பருமன் அந்நோய்க்கு வழிகோலுவது அவ்வாறே. எங்கள் அக்கா ஒருநாளும் பருத்தவள் அல்லள்.

நான்கே மாதத்தில் 52 கிலோவிலிருந்து 43க்கு இறங்கினாள். அடுத்த கீமோதெரபியைத் தள்ளிவைத்த மருத்துவர், இந்தப் பத்தியத்தை விதித்தது யார் என்று வினவினார். உணவு குறைந்தால் உடல் தன் தசையையே கரைத்துச் சர்க்கரையாக்கும், புற்றுக்குரிய பங்கு போய்க்கொண்டேதான் இருக்கும், இளைப்பது நோயாளி மட்டுமே என்று விளக்கினார்.

"எனக்குத்தான் பசியில்லை டாக்டர்" என்றாள் அக்கா. எங்கள் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

மறுவாரம் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். கதிரியக்கமூட்டிய சர்க்கரையை நரம்பில் செலுத்தி, அதை எவ்விடம் ஆவலோடு பற்றுகிறது என்று படம் பிடிக்கும் சோதனை அது. வார்பர்க் கண்டது இன்று இதற்குப் பயன்படுகிறது. "வீட்டில் பூட்டி வைத்ததை இங்கே ஊசியில் ஏற்றுகிறார்களே!" என்று சிரித்தாள். படத்தில் இரண்டு சிறு புள்ளிகள் தெரிந்தன. அவற்றைவிடப் பன்மடங்கு பிரகாசமாக ஒளிர்ந்தது அவளது மூளை. அதற்கும் சர்க்கரைதான் உணவாம். நாங்கள் அதைக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

அன்றிரவு பருப்புச் சோற்றில் ஒரு கரண்டி நெய் விட்டோம். நெடுநாள் பூட்டிக் கிடந்ததால் லேசாகக் காறல் வாடை. அவள் அதைச் சொல்லவில்லை. தட்டைச் சற்று முன்னே நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் விடுங்களேன்" என்றாள்.